குழந்தையின் மூச்சும் வீட்டுப் பூச்சிமருந்தும்: சுங்கை சிப்புட் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாலர்பள்ளி ஆசிரியையாக நான் சேர்ந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தோட்டத்து லயங்களிலிருந்தும், தோட்டம் கைமாறிய பின் நகரத்துத் தாமான் குடியிருப்புகளில் குடியேறிய குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் சிலருடைய பையில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் நீலநிற இன்ஹேலரும் இருக்கிறது. அந்தப் பெற்றோரிடம் பேச உட்கார்ந்தால், சிறிது நேரத்திலேயே பேச்சு கொசுவத்திக்கும் கரப்பான் மருந்துக்கும் வந்துவிடுகிறது. நான் மருத்துவர் அல்லள். கிளினிக் மருத்துவர்களிடமும் தாதியரிடமும் கேட்டும், நம் நாட்டில் நடந்த ஆய்வுகளைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருக்கும் மருந்தை இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்த வேண்டாம்.

வீட்டில் பூச்சிமருந்து அடிப்பதுதான் என் பிள்ளையின் இழுப்புக்குக் காரணமா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முன்பே இழுப்பு உள்ள பிள்ளைக்கு மருந்தின் நெடி அதைக் கிளப்புமா என்பது ஒன்று. நோயே இல்லாத பிள்ளைக்கு அது புதிதாக ஆஸ்துமாவை உண்டாக்குமா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தயங்காமல் விடை சொல்லலாம்: கிளப்பும். டின்னிலிருந்து பீய்ச்சும் துளிகளில் பூச்சியைக் கொல்லும் பொருள் சிறிதளவே இருக்கிறது. மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானும், தள்ளிவிடும் வாயுவும், வாசனைப் பொருளும்தான் மிகுதி. இவற்றில் எது பட்டாலும் ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் மூச்சுக்குழாய் இறுகக்கூடும்.

இரண்டாவதற்கான விடை அவ்வளவு எளிதன்று. ஆஸ்துமா பரம்பரை, ஒவ்வாமை, குழந்தைப் பருவத்துச் சளித் தொற்று, வீட்டில் புகைப்பவர் எனப் பல நூல்கள் சேர்ந்து முறுக்கிய கயிறு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த முதல் ஆண்டிலேயே பூச்சிமருந்துக்கு ஆட்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்குள் ஆஸ்துமா வரும் வாய்ப்பு, ஆட்படாதவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. களைக்கொல்லிக்கு ஆட்பட்டவர்களிடம் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. அதே ஆய்வில் கரப்பான் பூச்சி நடமாடிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பெற்றோர் பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்னதை வைத்துக் கணித்தவை என்பதால், இந்த எண்களைத் தொடர்பு என்று கொள்ளலாமே தவிர முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் கரப்பானைப் பற்றிய எண்ணை மறந்துவிடாதீர்கள். மருந்தை மட்டும் நிறுத்திவிட்டுப் பூச்சியை அப்படியே விட்டுவைத்தால் பிள்ளைக்கு நன்மை செய்தவர்களாக மாட்டோம்.

நாங்கள் அடிக்கும் அறையில் நாங்களும்தான் இருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஒரு வயதுக் குழந்தை நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முறை மூச்சு விடுகிறது. பெரியவர்கள் 12 முதல் 20 முறை விடுகிறோம். உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே அறையில் நம்மைவிடக் குழந்தைதான் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. அதன் மூச்சுக்குழாய் குறுகியது. நமக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாகத் தோன்றும் வீக்கம், அதன் குழாயில் பாதி வழியை அடைத்துவிடும். மேலும், அடித்த மருந்தின் துளிகள் தரையில்தான் வந்து படிகின்றன. நாம் நின்றும் நாற்காலியில் உட்கார்ந்தும் பொழுதைக் கழிக்க, தவழும் பிள்ளை அந்தத் தரையிலேயே கிடந்து, அங்கே துழாவிய கையை வாயில் வைக்கிறது.

நாங்கள் எல்லாரும் லயத்து வீட்டில் கொசுவத்திப் புகையில் வளர்ந்தவர்கள்தானே?

பேரப்பிள்ளையை அழைத்துப் போக வரும் பாட்டிமார் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய வீட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், பாட்டி. பலகைச் சுவர், தகரக் கூரை, சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. எரிந்த புகை அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. இன்று அதே சுருளைச் சிமெண்டு வீட்டின் ஓர் அறையில், சன்னலைச் சாத்தி, கதவையும் ஒருக்களித்து வைத்து எரிக்கிறோம். அந்தக் காலத்திலும் இரவெல்லாம் இருமிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை நாம் "சளி உடம்பு" என்று சொல்லி விட்டுவிட்டோம்.

சுருளில் பூச்சியைக் கொல்லும் பொருள் நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. மற்றதெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள், பசை, சாயம். ஆகவே இரவு முழுவதும் பிள்ளை சுவாசிப்பது பெரும்பாலும் மரத்தூள் புகையைத்தான். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளை எரித்தால் வரும் அளவுக்குச் சமமாக இருந்தது. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுவரை போனது. பிள்ளையின் முன் சிகரெட் பிடிக்காதே என்று மகனைக் கண்டிக்கும் தாத்தாவே, இரவில் தொட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்தி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் செய்யக்கூடாது.

நம் நாட்டு ஆய்வும் உண்டு. கோலாலம்பூர் தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1991-இல் வெளியான அந்த ஆய்வில், வாரத்தில் மூன்று இரவுகளாவது கொசுவத்திப் புகையில் தூங்கிய பிள்ளைகளிடம் ஆஸ்துமாவும் விடாத இழுப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. எதையாவது ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்று ஒரு தாய் சொன்னால், படுக்கையறைச் சுருளை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வாசலிலோ திண்ணையிலோ பெரியவர்கள் உட்காரும் இடத்தில் எரிப்பது வேறு விஷயம்.

சுருளுக்குப் பதிலாக மின்சாரத்தில் செருகும் மேட் அல்லது திரவம் பயன்படுத்தலாமா?

புகை இல்லாததால் சுருளைவிட மேல். நான் சொன்ன அதே 1991 ஆய்வு, மேட்டுக்கும் மூச்சு நோய்க்கும் தொடர்பு எதையும் காணவில்லை. எனினும் புகை தெரியவில்லை என்பதற்காக அறையில் ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. பைரெத்ராய்டு என்னும் வகைப் பூச்சிமருந்து ஆவியாகிக் காற்றில் கலந்துகொண்டேதான் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்த ஆவியே தும்மலையும் இருமலையும் கொண்டுவரும். பிள்ளை தூங்கப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் போட்டு, தூங்கும்போது நிறுத்திவிட்டு, சன்னலைச் சிறிது திறந்து விசிறியைப் போடுவது நான் பல வீடுகளில் பலன் தரக் கண்ட வழி. கொசு பலமாகப் பறக்கும் பூச்சியன்று. விசிறிக் காற்றை எதிர்த்து வந்து கடிக்க அதனால் எளிதில் முடியாது.

டிங்கி பரவும் ஊரில் மருந்தை விடச் சொல்வது ஆபத்தில்லையா?

இது எல்லாக் கேள்விகளிலும் கனமானது. மலேசியாவில் 2019-இல் 1,30,000-க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். 2023-இலும் 1,23,000-க்கும் மேற்பட்டோருக்குக் கண்டு, 100 பேர் இறந்தார்கள். இழுப்புக்குப் பயந்து பிள்ளையைக் கொசுக்கடிக்கு விடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி என்னவென்றால், நாம் அடிக்கும் மருந்து அந்தக் கொசுவைத் தடுக்கிறதா என்பதுதான்.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் விடிந்து வரும் வேளையிலும் பொழுது சாயும் முன்பும் கடிக்கிறது. நாமோ இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சுருளைக் கொளுத்துகிறோம். அப்போது காதருகே ரீங்காரமிடும் கொசு பெரும்பாலும் வேறு இனம். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போதும், மாலை ஐந்து மணிக்கு வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போதும் மேசைக்கு அடியில் பிள்ளையின் கணுக்காலைத் தேடி வருகிற கொசுவை இரவுப் புகை தொடுவதே இல்லை. மூச்சுக்கு உண்டான கேட்டை முழுதாக வாங்கிக்கொண்டு, டிங்கிக்கு எதிராக மிகக் குறைந்த காப்பைப் பெறுகிறோம்.

ஏடிஸ் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. எனவே வாரத்தில் ஒரு நாள், தவறாமல் ஒரே நாளில், தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்த வட்டம் அறுபடும். குளியலறைத் தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, தண்ணீர் நின்றுபோகும் நாளுக்கென்று பிடித்து வைத்த பீப்பாய், துளசி மாடத்துப் பள்ளம், வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் டயர், பால்மரக் காட்டில் கவிழ்க்காமல் விட்ட பால்மங்கு ஆகிய எல்லாவற்றையும் பாருங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்ட முடியாத தண்ணீருக்கு ஏபேட் என்னும் மணல் போன்ற மருந்தை 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம் போடலாம். அதுவும் பூச்சிமருந்துதான், ஆனால் தண்ணீரிலேயே தங்கிப் புழுவைக் கொல்கிறது, பிள்ளை சுவாசிக்கும் காற்றுக்கு வருவதில்லை. ஒரு மருந்தை எடைபோடும்போது அதன் பெயரைவிட அது கடைசியில் எங்கே போய்த் தங்குகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

உடம்புக்கு: நீளக்கை சட்டை, சன்னலுக்குக் கம்பிவலை, பகலில் தூங்கும் குழந்தையின் தொட்டிலுக்குக் கொசுவலை. இரண்டு மாதம் நிறைந்த குழந்தைக்கு, டீட் கலந்த பூச்சு மருந்தை 30 விழுக்காட்டுக்கு மிகாமல், கையையும் முகத்தையும் விட்டுவிட்டுத் தடவலாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைத் தெளிக்காமல், உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள்.

கரப்பான் தொல்லை தாங்க முடியவில்லை. அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது?

கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் பொடியாகித் தூசியில் கலந்து, ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு இழுப்பைக் கொண்டுவருகின்றன. ஆகவே கரப்பானைக் கொன்றே ஆகவேண்டும். ஆனால் டின்னை எடுத்து அடித்தால் வெளியே வந்த நான்கு சாகும். அலமாரி இடுக்கில் இருக்கும் நாற்பது அப்படியே இருக்கும். அடித்ததோ சமையலறைத் தூசியில் வாரக்கணக்கில் தங்கும். வெயில் பட்டால் சீக்கிரம் சிதையும் பைரெத்ராய்டு, வீட்டுக்குள் வெயில் படாத மூலையில் நெடுநாள் இருக்கும்.

அதைவிட ஜெல் வடிவில் வரும் இரைமருந்து சிறந்தது. கதவுக் கீல், அடுப்புக்குப் பின்புறம், கழுவுதொட்டிக்கு அடியில் என்று பிள்ளையின் கை எட்டாத இடுக்குகளில் உளுந்தளவு வைத்தால், தின்ற கரப்பான் கூட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதைத் தின்ற மற்றவையும் சாகும். காற்றில் ஒன்றும் கலக்காது. ஜெல் வைத்த இடத்தில் டின் மருந்தை அடிக்காதீர்கள். கரப்பான் இரையை விட்டு ஓடிவிடும். இரவில் சோற்றுப் பாத்திரத்தை ஊறவைக்காமல் கழுவி, குப்பையைக் கட்டி வெளியே வைத்து, குழாய்க் கசிவையும் அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் கரப்பான் சாக்பீஸை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பார்ப்பதற்குப் பள்ளிச் சாக்பீஸ் போலவே இருக்கிறது. பிள்ளை அதை எடுத்து எழுதும், வாயிலும் வைக்கும். 1974-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்தும் பூச்சிமருந்து வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும், லேபிளில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

புகைமூட்ட நாட்களில் சன்னலைத் திறக்கச் சொல்வது எப்படிச் சரியாகும்?

சரியாகாது. அந்த நாட்களில் வீட்டுக்குள் எதையும் அடிக்கவோ எரிக்கவோ கூடாது என்பதே பதில். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2015-இல் செப்டம்பரும் அக்டோபரும் புகைமூட்டத்திலேயே கழிந்தன. பள்ளிகளை மூடினார்கள், வீட்டுச் சன்னல்களுக்கு ஈரத்துணி கட்டினோம். அப்போது என் இளைய மகனுக்கு மூன்று வயது. ஒரு மாலை, அறையில் கொசு இருக்கிறது என்று டின் மருந்தை அடித்துவிட்டு, வெளியே புகை என்பதால் சன்னலைத் திறக்காமல், அரை மணி நேரம் கழித்து அவனை உள்ளே தூங்க வைத்தேன். நடுச்சாமத்தில் விழித்தபோது அவன் உட்கார்ந்துகொண்டு, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் மூன்று தடவை காஸ் வைத்த (மருந்தை ஆவியாக்கி நுகரவைத்த) பிறகுதான் மூச்சு சீரானது. எது காரணம், புகைமூட்டமா, நான் அடித்த மருந்தா, முன்பே இருந்த சளியா என்று மருத்துவர் பிரித்துச் சொல்லவில்லை. மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்றார். அவற்றில் என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிய நாளில் கொசுவலையும் விசிறியும் போதும்.

சுகாதார இலாகா புகை அடிக்க வரும்போது என்ன செய்வது?

டிங்கி கண்ட வீட்டைச் சுற்றி அடிப்பார்கள். பறக்கும் கொசுவை மட்டுமே அது கொல்லும். ஆகையால்தான் சில நாள் கழித்து மறுபடியும் வருவார்கள். உங்கள் பிள்ளைக்கு இழுப்பு இருப்பதை முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். உணவையும் தண்ணீரையும் மூடி, பிள்ளையைச் சற்றுத் தூரத்தில் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். புகை முழுவதும் கலைந்த பிறகு திரும்பி, தரையையும் மேசையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். புகைக்குள் ஓடி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நான் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கலாமா?

குளித்த பிறகு தூக்குங்கள், அம்மா. முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடிக்கும் வேலையை நம் தோட்டங்களில் பல காலமாகப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் கைக்குழந்தையின் தாய்மார் என்பதும், வேலை முடிந்ததும் குழந்தைதான் முதலில் ஓடிவரும் என்பதும் நமக்குத் தெரியும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தடைசெய்யப் போவதாக 2002-இல் அறிவித்த அரசாங்கம் 2006-இல் அதைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் தடை நடைமுறைக்கு வந்தது. குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிமருந்துக்கான தடை 2023 மே 1-இல் வந்தது. இவை போய்விட்டாலும் வேறு மருந்துகள் அந்த இடத்தில் இருக்கின்றன; அவை சட்டையிலும் முக்காட்டுத் துணியிலும் பூட்ஸிலும் ஒட்டி வீட்டுக்கு வருகின்றன.

பூட்ஸை வெளியிலேயே கழற்றி வையுங்கள். வேலைத் துணியைத் தனி வாளியில் போட்டு, பிள்ளையின் துணியோடு கலக்காமல், தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். காரின் பின்னிருக்கையில் அந்தத் துணி மூட்டையை வைத்துவிட்டு அதே இருக்கையில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். கையுறை, முகக்கவசம், குளிக்க இடம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. அவற்றைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

தோட்டத்து மருந்து மிச்சமிருந்தால் வீட்டு எறும்புக்கும் கரையானுக்கும் அடிக்கலாமா?

கூடாது. வயலுக்கும் காட்டுக்கும் உரிய செறிவில் செய்த மருந்து அது. அதை மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி அடுக்களையில் வைப்பது, இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து.

சாம்பிராணியும் வேப்பிலைப் புகையும் இயற்கையானவைதானே?

வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடாத வீடு எனக்கும் வீடாகத் தோன்றாது. ஆனால் எரிகிற எதிலிருந்தும் நுண்துகள் வரும். வேப்பிலையாய் இருந்தாலும் தேங்காய் மட்டையாய் இருந்தாலும் நுரையீரலுக்கு வேறுபாடு தெரியாது. சாமி அறையில் போட்டு, வாசலையும் சன்னலையும் திறந்து வைத்து, இழுப்புள்ள பிள்ளையை அந்தக் கால் மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள். குளித்த தலைக்குப் புகை காட்டும் வழக்கத்தை, பிள்ளைக்கு இழுப்பு இருந்தால், விட்டுவிடுங்கள்.

அலமாரியில் பாச்சை உருண்டை போடலாமா?

குழந்தைத் துணியோடு வேண்டாம். நெடி மூச்சைத் தாக்குவது ஒருபுறம் இருக்க, ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு, பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலின் இரத்த அணுக்களையே சிதைக்கும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்வதால், முடிவு பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

பிள்ளையை எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்?

மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலோ நெஞ்சுக்குக் கீழோ சதை உள்ளிழுத்தால், பேச முடியாமலோ பால் குடிக்க முடியாமலோ திணறினால், உதடு நீலம் பாரித்தால், நீல இன்ஹேலர் கொடுத்தும் தணியாவிட்டால் உடனே கிளம்புங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். தூங்கும் பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள்: 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

மருந்தை விழுங்கியிருந்தாலோ, மிகுதியாக நுகர்ந்திருந்தாலோ, எச்சில் வழிதல், வியர்த்துக் கொட்டுதல், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பட்ட துணியைக் கழற்றி, தோலைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரத்திலும், அந்த டின்னையோ போத்தலையோ லேபிளோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது எந்த வகை மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவரால் அதற்குரிய மாற்று மருந்தை உடனே தொடங்க முடியும்.